இடம் விட்டுக் கொடுத்த பேராயர் மைக்கேல் ஹாலிஸ்



மலருக்கு ஒரு கட்டுரை வேணும், பக்கம் ஒதுக்கியாச்சு, ரெண்டே வாரத்துல குடுத்துருப்பா என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். கம்ப்ரசரில் கரண்ட் மிச்சப்படுத்துவது பற்றி எழுதட்டுங்களாண்ணா என்று கேட்டேன். அதை உன் கம்பெனி நோட்டீஸ் போர்டுல ஒட்டு, இங்க படிக்கிற மாதிரி ஒரு பெரிய மனுசனைப் பத்தி எழுது என்று சொல்லிவிட்டார். யாரைப் பற்றி எழுதுவது? காமராஜர், கலாம், ஜி.டி. நாயுடு எல்லோரையும் நம் மலர்களில் பல தடவை படித்தாயிற்று. அப்போது நம் ஹாஸ்டலில் இருந்த சரித்திரப் பேராசிரியர் ஒருவர் எப்போதோ சொன்ன ஒரு பெயர் ஞாபகம் வந்தது. மைக்கேல் ஹாலிஸ். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரி, இரண்டாம் உலகப் போரில் ராணுவக் குருவானவர், அப்புறம் சென்னைப் பேராயர், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் தலைவர்.

டையிங்கில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவனுக்கும், எப்போதோ காலமான வெள்ளைக்காரப் பேராயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் கிறிஸ்தவனும் இல்லை. சம்பந்தம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் கதை.

ஆர்தர் மைக்கேல் ஹாலிஸ் 1899 ஜூன் 23ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் ஆர்தர் ஹாலிஸும் குருவானவர்தான், பிற்பாடு டான்டன் என்ற ஊரின் பேராயர் ஆனவர். ஆண் பிள்ளைகள் நாலு பேர். நாலு பேரில் மூன்று பேர் ஆளுக்கொரு திசையில் பேர் வாங்கினார்கள். மைக்கேல் அப்பா வழியில் குருவானார். கிறிஸ்டபர் எழுத்தாளர், 1945லிருந்து 1955 வரை பார்லிமென்ட் உறுப்பினர். அவர் 1924லேயே ஆங்கிலிக்கன் சபையை விட்டு ரோமன் கத்தோலிக்கர் ஆகிவிட்டார். இன்னொரு தம்பி ரோஜர் ஹாலிஸ், பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5க்கு 1956லிருந்து 1965 வரை தலைமை அதிகாரி. அவரே ரஷ்யாவுக்கு உளவு பார்த்தாரோ என்று பிற்காலத்தில் பெரிய சர்ச்சை கிளம்பிப் புத்தகங்கள் வந்தன. எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆக, பேராயர், எம்.பி., உளவுத்துறைத் தலைவர் மூவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒரே குடும்பத்துக்குள் அண்ணன் ஒரு சபை, தம்பி ஒரு சபை என்று ஆனதையும் கவனியுங்கள். சபைப் பிரிவினை என்பது மைக்கேலுக்குப் புத்தகத்தில் படித்த சமாசாரம் மட்டுமல்ல, சொந்த வீட்டிலேயே பார்த்தது.

லீட்ஸ் நகரத்துப் பள்ளியில் படிப்பு. பதினெட்டு வயது முடியும்போது உலகம் முழுக்கச் சண்டை. அந்த வயசுப் பையன்கள் எல்லோரையும் போல அவரும் ராணுவத்துக்குப் போனார். இரண்டாம் லெப்டினன்ட். 1918 நவம்பரில் போர் முடிந்தது. அவர் பிழைத்து வந்தவர்களில் ஒருவர். ஆக்ஸ்போர்டில் டிரினிட்டி கல்லூரியில் படித்தார். 1923ல் குருப்பட்டம். ஹடர்ஸ்பீல்டில் உதவிக் குரு. இது நம்ம திருப்பூருக்குப் பக்கத்து உறவு என்றே சொல்லலாம். கம்பளித் துணி நெய்வதற்குப் பேர் போன மில் ஊர் அது. பிறகு ஆக்ஸ்போர்டு ஹெர்ட்ஃபோர்டு கல்லூரியில் குருவாகவும் விரிவுரையாளராகவும் சில வருஷங்கள். அங்கேயே இருந்திருந்தால் நல்ல லைப்ரரி, நல்ல சாப்பாடு, பேர் சொல்லும் பதவி என்று சௌகரியமாக முடிந்திருக்கும்.

1931ல் அவர் கப்பல் ஏறினார். எஸ்.பி.ஜி. மிஷன் அவரை அனுப்பியது திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்கு. இன்று தூத்துக்குடி மாவட்டம். தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனை மரமும் உள்ள ஊர். மர்காஷிஸ் ஐயர் என்று மக்கள் இன்றும் சொல்கிற பாதிரியார் அங்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழிற்பள்ளி என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பியிருந்தார். அந்த ஊரில் ஹாலிஸ் சுமார் ஐந்து வருஷம் இருந்தார். தெற்கத்திச் சபை மக்களை நேரில் பார்த்தது அங்கேதான். அந்தச் சபையின் பலத்தையும் பார்த்தார், ஒரு பலவீனத்தையும் பார்த்தார். எந்தக் காரியத்துக்கும் வெள்ளைக்கார ஐயர் வந்து முடிவு சொல்லட்டும் என்று காத்திருக்கும் பழக்கம்தான் அந்தப் பலவீனம். பல வருஷம் கழித்து அவர் எழுதிய புத்தகத்தின் விதை இதிலேதான் விழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு இங்கிலாந்து திரும்பினார். செல்டன்ஹாம் பக்கத்தில் சார்ல்டன் கிங்ஸ் என்ற ஊர்க் கோயிலில் குருவாக இருந்தார். அதற்குள் 1939 வந்தது. இரண்டாவது உலகப் போர். முதல் போருக்கு அதிகாரியாகப் போனவர் இரண்டாவது போருக்கு ராணுவக் குருவானவராகப் போனார். ராணுவக் குருவானவர் துப்பாக்கி தூக்குவதில்லை. பயந்து கிடக்கிற சிப்பாய்ப் பையனோடு உட்கார்ந்து பேசுவது, காயம் பட்டவனுக்குத் துணை இருப்பது, செத்தவனைப் புதைத்து அவன் அம்மாவுக்குக் கடுதாசி எழுதுவது, இதெல்லாம்தான் அந்த வேலை. பதினெட்டு வயசில் அந்தப் பையன்களில் ஒருவனாக இருந்தவருக்கு அவர்கள் மனசு தெரியாமலா இருக்கும்?

1942ல் சென்னைக்குப் பேராயராக நியமனம். வாலர் என்ற பேராயர் ஓய்வு பெற்ற இடம். அந்த வருஷத்துச் சென்னையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டன. அடுத்தது சென்னைதான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம். காந்தி உட்பட எல்லாத் தலைவர்களும் ஜெயிலில். இந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரர், ஆளும் அரசாங்கத்தின் சபைக்குப் பேராயராக வந்து உட்காருகிறார். வயசு நாற்பத்து மூன்று. வெளியேறச் சொல்கிற தேசத்தில் வந்து சேர்ந்த மனிதர் என்ன செய்ய முடியும்?

அவர் முன்னே ஏற்கெனவே ஒரு பெரிய வேலை அரைகுறையாகக் கிடந்தது. அதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் ரயிலையே உதாரணம் சொல்கிறேன். திண்டுக்கல், பழனி, மடத்துக்குளம், உடுமலை, பொள்ளாச்சி லைன் ரொம்ப வருஷம் மீட்டர் கேஜ். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு மெயின் லைன் பிராட் கேஜ். ரெண்டும் ரயில்தான், ரெண்டும் தண்டவாளம்தான். ஆனால் இந்த வண்டி அந்தப் பாதையில் ஓடாது. ஏன் என்றால் போட்டவன் அப்படிப் போட்டான். அவ்வளவுதான்.

தென்னிந்தியப் புராட்டஸ்டன்ட் சபைகளும் அப்படித்தான் கிடந்தன. திருநெல்வேலிக்கு ஆங்கிலிக்கன் மிஷன் வந்ததால் அங்கே ஆங்கிலிக்கன். மதுரைக்கு அமெரிக்கன் மிஷன் வந்ததால் அங்கே காங்கிரிகேஷனல். நம்ம கோவை, ஈரோடு, சேலம் பக்கம் லண்டன் மிஷன். இன்னும் சில ஊர்களில் மெதடிஸ்ட். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் முந்நூறு வருஷத்துக்கு முன்னே யாரோ போட்ட சண்டைக்காக இங்கே ஒரே சந்தையில் காய் வாங்குகிற ரெண்டு குடும்பம் ஒரே பந்தியில் திருவிருந்து எடுக்க முடியாது. அந்தச் சண்டை என்ன என்றுகூட இவர்களில் பலருக்குத் தெரியாது.

இதை மாற்ற வேண்டும் என்று 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். 31 பேர் இந்தியர்கள். வெளிநாட்டவர் ரெண்டே பேர். ஒருவர் அமெரிக்கரான ஷெர்வுட் எட்டி. இன்னொருவர் நம்ம ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்த எச்.ஏ. போப்ளி, பின்னாளில் திருக்குறளில் ஒரு பகுதியை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர். கூட்டத்துக்கு முன்னணியில் நின்றவர் தோர்ணக்கல் பேராயர் வி.எஸ். அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். நாமெல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அறிக்கை விட்டது ரெண்டு நாள் வேலை. காரியம் முடிய 28 வருஷம் ஆயிற்று.

முடிச்சு எங்கே விழுந்தது என்றால் குருப்பட்டத்தில். ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் தலையில் கை வைத்து அபிஷேகம் செய்தால்தான் ஒருவர் குரு. அந்தப் பேராயருக்கு முந்தின பேராயர்கள், அவர்களுக்கு அவர்களின் முந்தியவர்கள் என்று அறுந்து போகாத சங்கிலி அது. மற்றச் சபைகளில் பேராயரே கிடையாது. அப்படியானால் அங்கே முப்பது வருஷம் ஊழியம் செய்த ஆயர் குருவே இல்லையா? மறுபடியும் பட்டம் வாங்கச் சொன்னால் அது அவமானம். வாங்க வேண்டாம் என்றால் சங்கிலி அறுந்தது என்று லண்டனில் கூச்சல். பேச்சுவார்த்தை, கமிட்டி, ஓட்டு, மறுபடியும் பேச்சுவார்த்தை. அசரியா 1945 ஜனவரி 1ஆம் தேதி காலமானார், தான் நட்ட மரம் காய்ப்பதைப் பார்க்காமலேயே.

கடைசியில் கண்ட வழி ஓர் எஞ்சினியருக்குப் பிடிக்கும் வழி. ஒன்று சேரும்போது ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கிற எல்லோரையும் அப்படியே ஏற்றுக்கொள்வது, யாருக்கும் மறுபட்டம் கிடையாது. இனிமேல் வருகிற புதுக் குருக்கள் எல்லோருக்கும் பேராயரே பட்டம் கொடுப்பது. எந்தச் சபையின் மேலும் அவர்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியரைத் திணிப்பதில்லை என்று எல்லோரும் வாக்குக் கொடுப்பது. முப்பது வருஷம் போனால் தானாகவே எல்லாம் ஒரே கேஜ் ஆகிவிடும். ஓடுகிற வண்டியை நிறுத்தாமல் பாதையை மாற்றுகிற வேலை.

இதற்கு இங்கிலாந்தில் எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. நாமெல்லாம் இங்கிலீஷ் பேப்பரில் பேர் பார்த்த டி.எஸ். எலியட், பிற்பாடு நோபல் பரிசு வாங்கிய அதே கவிஞர், 1943ல் இந்தத் திட்டத்தைக் கண்டித்துத் தனியாக ஒரு சிறு நூலே எழுதி வெளியிட்டார். இந்தியாவில் நாலு மாகாணத்துச் சபைகள் செய்கிற காரியத்தால் உலகச் சபையே குலையும் என்று அவர் பக்கத்து ஆட்கள் பயந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தாத்தா சொத்தைப் பேரன் தெரியாமல் விற்றுவிடுவானோ என்ற பயம். ஆனால் விலை கொடுக்க வேண்டியிருந்தது இங்கே உள்ளவர்கள்.

ஹாலிஸ் சேருவது என்று முடிவு செய்தார். சென்னை, தோர்ணக்கல், திருநெல்வேலி, திருவிதாங்கூர் கொச்சி ஆகிய நாலு ஆங்கிலிக்கன் பேராயங்கள் ஒரு பக்கம். தென்னிந்திய மெதடிஸ்ட் சபை ஒரு பக்கம். காங்கிரிகேஷனல், பிரெஸ்பிடேரியன் சபைகள் 1908லேயே சேர்ந்து உண்டாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபை இன்னொரு பக்கம். 1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சுதந்திரம் வந்து 43 நாள். சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கம் கதீட்ரல் ரோடு என்று போகிறோமே, அந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்த செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில்தான் விழா. திருவிதாங்கூர் கொச்சிப் பேராயர் சி.கே. ஜேக்கப் சபைகள் ஒன்றானதை அறிவித்தார். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 14 திருமண்டலங்கள், சுமார் 10 லட்சம் மக்கள். அன்றே புதிதாக 9 பேருக்குப் பேராயர் அபிஷேகம். அதில் ஒருவர் காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்து வந்த ஸ்காட்லாந்து மிஷனரி லெஸ்லி நியூபிகின். மதுரை ராமநாதபுரத்துக்குப் பேராயர். வயசு 37. என் வயசு. என்னை ஒரு ஷிப்டுக்குப் பொறுப்பாகப் போடவே மேனேஜ்மென்ட் யோசிக்கிற வயசு!

அந்த நாளிலிருந்து ஹாலிஸின் பட்டப் பெயரில் ஒரே ஓர் எழுத்து மாதிரியான மாற்றம். அதுவரை சென்னையின் பேராயர். அதற்குப் பிறகு சென்னையில் பேராயர். இங்கிலீஷில் ஒரு குட்டிச் சொல்தான் மாறியது. ஆனால் அர்த்தம் தலைகீழ். ஊர் பேராயருக்குச் சொந்தமில்லை, பேராயர் அந்த ஊரில் இருக்கிற ஓர் ஊழியர், அவ்வளவுதான். நம்ம ஆபீசுகளில் விசிட்டிங் கார்டில் ஒரு வார்த்தையைக் குறைத்தால் என்ன ரகளை நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

விலை என்ன கொடுத்தார்? சேர்ந்த அன்றே அவரும் மற்றப் பேராயர்களும் உலக ஆங்கிலிக்கன் குடும்பத்துக்கு வெளியே வந்துவிட்டார்கள். புதிய சபையில் பட்டம் வாங்கிய ஆயர் இங்கிலாந்து போனால் அங்கே உள்ள ஆங்கிலிக்கன் பீடத்தில் நின்று திருவிருந்து நடத்த முடியாது. எந்தச் சங்கம் அவரை நாசரேத்துக்குக் கப்பல் ஏற்றி அனுப்பியதோ அந்த எஸ்.பி.ஜி.யே, புதிய சபைக்குத் தன் பொது நிதியைத் தொடாமல் தனிக் கணக்கு வைத்துத்தான் உதவியது. இங்கே ராயலசீமையில் நந்தியால் பக்கம் ஆயிரக்கணக்கான ஆங்கிலிக்கன் மக்கள் சேர மாட்டோம் என்று விலகி நின்றார்கள். அவர்கள் வந்து சேர 1975 ஆயிற்று. 1955ல்தான் இங்கிலாந்து சபை புதிய சபையின் குருக்களை ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டது. பெற்ற வீட்டில் திண்ணை வரை வரலாம், உள்ளே வராதே என்றால் எப்படி இருக்கும்? பேராயரின் மகனாகப் பிறந்து, ஆக்ஸ்போர்டில் வளர்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கிறேன்.

1948ல் சினாடு கூடி அவரை முதல் மாடரேட்டராகத் தேர்ந்தெடுத்தது. ரெண்டு வருஷப் பதவி. மறுபடி மறுபடி அவரையே தேர்ந்தெடுத்து 1954 வரை ஆறு வருஷம். இதில் ஒரு குறை சொல்ல வேண்டும். நாடு சுதந்திரம் வாங்கிய மறு வருஷம், பெரும்பாலும் இந்தியர்களே உள்ள ஒரு சபைக்கு வெள்ளைக்காரரா தலைவர் என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஓட்டுப் போட்டவர்கள் இந்தியர்களும்தான். ஆனாலும் பழக்கம் என்பது கையை எங்கே இழுக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கேள்வி ஹாலிஸுக்குள்ளேயும் இருந்திருக்க வேண்டும். பின்னே நடந்ததைப் பாருங்கள்.

அவர் காலத்தில் ரெண்டு காரியம் நம் கவனத்துக்கு உரியவை. ஒன்று, நம்ம கொங்கு நாட்டுச் சபைகள். லண்டன் மிஷன் வழியில் வந்த கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துச் சபைகள் 1947ல் சேரவில்லை, ஒதுங்கியே நின்றன. யாரும் அவர்களை மிரட்டவில்லை, விரட்டவும் இல்லை. 1950ல் அவர்களாக வந்தார்கள். அந்த வருஷமே கோவைத் திருமண்டலம் உண்டாயிற்று. முதல் பேராயர் தமிழரான ஏ.ஜே. அப்பாசாமி. பக்தி இலக்கியத்தில் தோய்ந்து கிறிஸ்தவத்தை இந்திய மண்ணின் பாஷையில் சொல்ல முயன்ற அறிஞர். இரண்டாவது, 1950ல் வந்த புதிய திருவிருந்து ஆராதனை முறை. குரு மேஜைக்குப் பின்னால் மக்களைப் பார்த்து நிற்பது, சமாதானத்தின் அடையாளமாகக் கையோடு கை கொடுத்து வரிசை வரிசையாகக் கடத்துவது. கை கொடுக்கும் வழக்கத்தைக் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்தார்கள். அப்புறம் மேல்நாட்டுச் சபைகளே இதைப் பார்த்துப் படித்தன. குரு சிஷ்யன் ஆன கதை!

1954. ஹாலிஸுக்கு வயசு 55.  பேராயர் பதவியையும் மாடரேட்டர் பதவியையும் விட்டு இறங்கினார். மாடரேட்டராக வந்தவர் ஹாஸ்பெட் சுமித்ரா, அந்தப் பதவியில் முதல் இந்தியர். சென்னையில் பேராயராக 1955ல் வந்தவர் டேவிட் செல்லப்பா, சென்னைக்கு முதல் இந்தியப் பேராயர். திருநெல்வேலியில் அதற்கு முன்பே 1953ல் ஏ.ஜி. ஜெபராஜ் வந்தாயிற்று.

இறங்கியவர் அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்ப் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்காரவில்லை. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் சபைச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராகப் போனார். அங்கே 1960 வரை. ஒரு சபைக்கே தலைவராக இருந்தவர், மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்தினார். ஜி.எம். ஆக இருந்தவர் மறுநாள் ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்தால் எப்படி? அப்படி.

1962ல் அவர் எழுதிய புத்தகம் ஆக்ஸ்போர்டு பிரஸ்ஸில் வந்தது. தென்னிந்தியச் சபை வரலாற்றில் தகப்பன் மனப்பான்மை என்ன செய்தது என்பதுதான் விஷயம். சாராம்சத்தை என் பாஷையில் சொல்கிறேன். மிஷனரிகள் பெரும்பாலும் நல்லவர்கள், பாசக்காரர்கள், உழைப்பாளிகள். சிக்கலே அங்கேதான். கெட்ட எஜமானை எதிர்த்து நிற்கலாம். நல்ல அப்பாவை எப்படி எதிர்ப்பது? பணம் அவர்களிடம், முடிவு அவர்களிடம், கணக்கு நோட்டு அவர்களிடம். இந்தியர்கள் இன்னும் பக்குவப்படவில்லை, பக்குவப்பட்டதும் ஒப்படைப்போம் என்று நூறு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பொறுப்பைக் கொடுக்காமல் பக்குவம் எப்படி வரும்? வாய்க்காலில் இறக்காமல் நீச்சல் வராது. இதை வெளியிலிருந்து ஒருவர் திட்டி எழுதியிருந்தால் பெரிய விஷயம் இல்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவர், தன் கூட்டத்தையும் தன்னையும் சேர்த்து எழுதினார்.

கதை இங்கே சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். செல்லப்பா 1964ல் காலமான பிறகு சென்னைக்கு மறுபடி வந்த பேராயர் நியூபிகின், 1974 வரை இருந்தார். அவரும் பெரிய மனிதர்தான், அது வேறு கதை. இன்று இருபதுக்கும் மேற்பட்ட திருமண்டலங்களாக வளர்ந்த சபையில் பதவிக்கும் சொத்துக்குமாகக் கோர்ட் படி ஏறுகிற செய்திகளையும் பேப்பரில் படிக்கிறோம். நம்மவர் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. ஆனால் அந்தத் தப்பும் நம்முடைய தப்பு, திருத்துவதும் நம் பொறுப்பு. அது ஒரு பெரிய வித்தியாசம்.

ஹாலிஸ் கடைசியில் இங்கிலாந்து திரும்பி உதவிப் பேராயராகச் சில காலம் இருந்தார். இன்னும் சில நூல்கள் எழுதினார். 1986ல் தம் 86ஆம் வயதில் காலமானார். அதற்கு ரெண்டு வருஷம் கழித்து, 1988ல், உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டுக்குத் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர்கள் முழு உரிமையோடு அழைக்கப்பட்டார்கள். நாற்பத்தொரு வருஷம் திண்ணையில் நின்றவர்களுக்குக் கதவு திறந்தது. அசரியா சேர்ந்ததைப் பார்க்கவில்லை. ஹாலிஸ் ஏற்றுக்கொள்ளப்பட்டதைப் பார்க்கவில்லை. நட்டவன் சாப்பிடுவதில்லை என்று பனைக்குச் சொல்வார்கள், இவர்களுக்கும் பொருந்தும்.

சரி, எனக்கும் இவருக்கும் சம்பந்தம் என்ன என்று சொன்னேனே.

நான் வேலை பார்க்கிற யூனிட்டில் சாஃப்ட் ப்ளோ மிஷின்கள், பாய்லர், கம்ப்ரசர் எல்லாம் என் கண்ட்ரோல். எனக்குக் கீழே டிப்ளமோ முடித்த தம்பி ஒருவன். நல்ல பையன், வேலையில் பிரியம் உள்ளவன். அவனுக்கு நான் எதுவும் குறை வைத்ததில்லை. தீபாவளிக்குத் துணி, அவன் தங்கச்சி காலேஜ் பீஸுக்கு முன்பணம், எல்லாம் நானே பேசி வாங்கிக் கொடுப்பேன். ஆனால் பேனல் பாஸ்வேர்டு மட்டும் என்னிடம்தான். டிரைவ் செட்டிங்ஸ் எழுதின நோட்டு என் பையில்தான். கேட்டால், இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமப்பா, தப்பாக் கை வச்சுட்டா லட்சக்கணக்குல போயிரும் என்பேன். நாலு வருஷமாக அதையே சொன்னேன்.

போன சித்திரையில் மச்சினன் கல்யாணத்துக்குப் பழனி போயிருந்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மிஷின் டிரிப் ஆகி நின்றுவிட்டது. உள்ளே அரை டன் துணி, சாயத்தோடு. மண்டபத்தில் செண்டை மேளச் சத்தத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பதினேழு மிஸ்டு கால். நான் பார்த்துத் திரும்பக் கூப்பிடும்போது ஒன்றே முக்கால் மணி. துணி முழுக்கப் பட்டை பட்டையாகச் சாயம் ஏறி வீணாகிவிட்டது. மறுநாள் மேனேஜர் முன்னால் அந்தத் தம்பி ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரியலீங் சார், என் தப்புதானுங் சார் என்று நின்றான். அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். தப்பு அவன் தலையில். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹாஸ்டலில் பேராசிரியர் சொன்ன அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது அப்போதுதான். பழைய புத்தகக் கடையில் தேடச் சொல்லி வாங்கி, பொறுமையாகப் படித்தேன். மேனேஜரிடமும் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். இப்போது பாஸ்வேர்டு ரெண்டு பேரிடம். நோட்டு பேனல் ரூமில் தொங்குகிறது. முதல் மாதம் அந்தத் தம்பி ரெண்டு தப்புப் பண்ணினான். மூன்றாவது மாதம் நான் ஆறு வருஷமாகத் தப்பாகவே வைத்திருந்த ஒரு செட்டிங்கைக் கண்டுபிடித்துச் சொன்னான்.

அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உரிமையோடு ஒன்று சொல்கிறேன். நம் சங்கத்தில் ஜூனியர் பசங்களுக்கு நாம் இதுவரை கொடுத்திருக்கிற பொறுப்பு எல்லாம் சேர் போடுவது, சாப்பாட்டுப் பந்தி பார்ப்பது, பேட்ஜ் கொடுப்பது. கணக்கு, பேங்க், கல்லூரியோடு பேசுவது எல்லாம் முதல் செட் அண்ணன்மார்களிடமே இத்தனை வருஷமாக இருக்கிறது. நீங்கள் பாடுபட்டு வளர்த்த சங்கம், யாரும் மறுக்கவில்லை. பசங்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று நீங்கள் சொல்வதும் காதில் விழுகிறது. நானும் அதைத்தான் நாலு வருஷம் சொன்னேன். அரை டன் துணி போன பிறகுதான் விளங்கியது. இந்த வருஷப் பொதுக்குழுவில் ஒரு பொருளாளர் பதவியாவது அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். தப்புப் பண்ணினால் பக்கத்தில் நாம் இருக்கிறோம்.

நாற்காலியை விட்டு இறங்கினால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறோம். ஹாலிஸ் இறங்கி வாத்தியாராகப் போனார். அவர் பேராயராக இருந்ததை விட அந்த இறக்கத்தைத்தான் நான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விழாவில் சந்திப்போம். பந்தியில் எனக்கும் ஓர் இலை போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன், பொறியாளர்,
மடத்துக்குளம்.